எண்பத்து மூன்றரை மீட்டர்

எவால்ட் பெக்கரை யார் எடுப்பது என்று மேற்பார்வையாளர் கேட்டபோது, மேசையைச் சுற்றியிருந்த எட்டுத் தாதிமாரும் தங்கள் கோப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார்கள். எண்பத்தொன்பது வயது. இடுப்பெலும்பு முறிந்து தேறிய உடம்பு, தெளிவான புத்தி, கெட்ட வாய். வீடு வீடாகப் போய் முதியோரைப் பராமரிக்கும் அந்த நிலையத்திலிருந்து மூன்று பேர் ஏற்கெனவே அவரிடம் போய் அழுதுகொண்டு திரும்பியிருந்தார்கள். ஒருத்தியின் மேலங்கியில் அவர் எறிந்த கோப்பியின் கறை இன்னும் போகவில்லை.

"நான் எடுக்கிறேன்" என்றாள் சிவகௌரி.

அவளுக்கு அறுபத்தெட்டு வயது. ஓய்வூதியம் வரத் தொடங்கிய பிறகும் வாரத்தில் ஐந்து காலை வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். வீட்டிலிருந்து என்ன செய்வது என்று கேட்பாள். பக்கத்துக் கதிரையிலிருந்த ஜசிந்தா அவளுடைய முழங்கையைக் கிள்ளினாள். ஜசிந்தா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. வயது முப்பத்தொன்று, வேலையில் கெட்டிக்காரி.

"அன்ரிக்கு விசரே? அந்த மனிசன் கடிக்கும்."

"அவற்ற பல்லு கழட்டி வைக்கிற பல்லு. கடிச்சா என்ர கையோட வரும்."

"பகிடி விடாதேங்கோ. ஆளைத் தெரியுமோ உங்களுக்கு?"

"எனக்கு அவரைத் தெரியும்" என்றாள் சிவகௌரி. "அவருக்குத்தான் என்னைத் தெரியாது."

எல்ஸன்ராத் ஒரு சின்ன மலையூர். ஜேர்மனியின் எசன் நகரிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். ஊருக்கு மேலே ஹேஹர்பெர்க் என்ற மலை. மலையின் வயிற்றில் பனிச்சறுக்குத் தாவல் மேடை. கோபுரத்தின் உச்சியிலிருந்து சறுக்கி வந்து, மேடையின் விளிம்பில் காற்றில் பாய்ந்து, கீழே சரிவில் போய் இறங்குவார்கள். யார் அதிக தூரம் பாய்கிறார் என்பதுதான் போட்டி. ஊரில் எந்த யன்னலைத் திறந்தாலும் அந்தக் கோபுரம் தெரியும். முப்பத்தைந்து வருடமாகச் சிவகௌரி தன் குசினி யன்னலின் திரையை முழுதாகத் திறந்ததில்லை.

பெக்கர் அந்த மேடையை நடத்திய கழகத்துக்கு இருபத்தாறு வருடம் தலைவராக இருந்தவர். இப்போது அவருடைய மகன் டேட்லெஃப் தலைவர். வரும் ஆகஸ்டில் மேடைக்கு நூறு வயது.

காலை ஆறரைக்குச் சிவகௌரி போவாள். முதல் நாள் அவர் தலையணையை எறிந்தார். எடுத்து உறையை மாற்றி, அதே இடத்தில் வைத்தாள். இரண்டாம் நாள், "உங்கள் நாட்டில் தண்ணீர் இருக்கிறதா?" என்று கேட்டார். "இருக்கிறது. கையைத் தூக்குங்கள்" என்றாள். மூன்றாம் நாளிலிருந்து எறிவதை விட்டுவிட்டுப் பேசத் தொடங்கினார். பேசியது எல்லாம் மேடையைப் பற்றித்தான். மனிதருக்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை.

முகம் துடைக்கும்போது அவர் 1925இல் இருப்பார். கல்லுடைப்பவர்களும் மரம் வெட்டுபவர்களும் மாடு கட்டித் தடிகளை இழுத்து முதல் கோபுரத்தை எழுப்பினார்கள். முதல் பாய்ச்சல் முப்பத்தொரு மீட்டர். பாய்ந்தவன் ஒரு பேக்கரிக்காரன், இறங்கியதும் எழுந்து நின்று தொப்பியைத் தேடினானாம். கழுத்துக்கும் கைகளுக்கும் வரும்போது போர் வந்துவிடும். போர் முடிந்த அடுத்த குளிர்காலம் விறகில்லாமல் ஊர்ச் சனம் கோபுரத்தையே பிரித்து அடுப்பெரித்தது. "என் அப்பாவும் இரண்டு பலகை கொண்டுவந்தார். அழுதுகொண்டே எரித்தார். ஆனால் எரித்தார்." முதுகைத் துடைக்கும்போது 1951: கல்லுக் குவாரியிலிருந்து கல் சுமந்து இரண்டாவது கோபுரம். தொடைக்கு வரும்போது பெக்கரே பாய்ந்துகொண்டிருப்பார், அறுபத்தெட்டு மீட்டர், பிறகு முறிந்த முழங்கால். காலுறை போடும்போது கழகத்தின் தலைவராகி, சரிவை வெட்டி நீட்டி, விளக்குப் போட்டு, ஸவர்லாண்ட் மலைநாடு முழுக்கப் பேசும் மேடையாக்கிவிடுவார். அத்தோடு காலுறை முடிந்துவிடும், கதையும் நின்றுவிடும்.

ஐந்து கிழமை இப்படி. 1990ஆம் ஆண்டு வரவேயில்லை.

சிவகௌரி கேட்கவில்லை. நோயாளியின் வாயிலிருந்து தானாக வருவதுதான் அவருடைய சொல்; கேட்டு வாங்கினால் அது பராமரிப்பவளின் சொல் என்று நாற்பத்தொரு வயதில், பிள்ளைகள் வயதிலிருந்தவர்களுடன் தாதி வகுப்பில் உட்கார்ந்து அவள் படித்திருந்தாள். படித்ததை மீறுகிற ஆளல்ல அவள்.

1990இல் நடந்தது இது.

அவளும் கணவர் குணசேகரமும் எல்ஸன்ராத் அகதி விடுதிக்கு வந்து ஐந்து வருடமாகியிருந்தது. குணசேகரம் யாழ்ப்பாணத்தில் பதின்மூன்று வருடம் அரசாங்க நில அளவையாளராக இருந்தவர். வேலிச் சண்டையில் கத்தியோடு நின்ற சகோதரர்கள்கூட அவர் முளை அடித்த இடத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் இங்கே மற்ற ஆண்களோடு சேர்ந்து, குளிர்காலத்தில் மேடையின் சரிவில் பக்கவாட்டாக ஏறி ஏறிப் பனியை மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார். கழகத்தார் விடுதிக்கு வந்து ஆட்களைக் கூட்டிப்போவார்கள். குணசேகரம் என்ற பெயர் அவர்களுடைய வாயில் நுழையவில்லை. கஸ்டவ் என்று கூப்பிட்டார்கள்.

அந்த மாசியில் போட்டியன்று அளவுக்காரர் ஒருவருக்குக் காய்ச்சல். அந்தக் காலத்தில் கமரா அளக்கவில்லை, மனிதர்தான் அளந்தார்கள். சரிவின் ஓரத்தில் மீட்டருக்கு ஒரு பலகை. சில பலகைக்கு ஓர் ஆள். பாய்ந்து வருபவரின் இரண்டு காலும் பனியில் முழுதாய்ப் பதிகிற இடத்தைக் கண்ணால் பிடித்து, அதற்கு நேரே கையை நீட்டி, எண்ணைக் கத்த வேண்டும். எண் பதிவாகும்வரை கையை இறக்கக் கூடாது. எண்பத்து மூன்றாம் பலகைக்குக் குணசேகரத்தை நிறுத்தினார்கள். அன்றைக்கு அவர் விடுதியிலிருந்து போகும்போது தலையை இழுத்து வாரிக்கொண்டு போனார். சிவகௌரிக்கு அது நன்றாக நினைவிருந்தது.

கடைசிக்கு முந்தின பாய்ச்சல் டேட்லெஃப், வயது பத்தொன்பது. மேடையின் சாதனை எண்பத்தைந்து. அதை வைத்திருந்தவன் பக்கத்து ஊர்க்காரன். டேட்லெஃப் இறங்கினான். குணசேகரம் கையை நீட்டினார். "எண்பத்து மூன்றரை!"

அளவுக்குப் பொறுப்பாகக் கீழே நின்றவர் தகப்பன் எவால்ட் பெக்கர். ஒலிபெருக்கியில் அவருடைய குரல் வந்தது: "எண்பத்தேழு! மேடையின் புதிய சாதனை!"

சனம் கத்தியது. கீழே எண்பத்தேழாம் பலகையில் நின்றவன் ஒரு கணம் யோசித்துவிட்டுத் தானும் கையை நீட்டினான். குணசேகரம் தன் கையை இறக்கவில்லை. அடுத்தவன் பாய்ந்து இறங்கினான், இறக்கவில்லை. யாரோ இரண்டு பேர் ஏறி வந்து அவருடைய கையைப் பிடித்துக் கீழே இழுக்கும்வரை அப்படியே நின்றார்.

பக்கத்து ஊர்க் கழகம் முறைப்பாடு செய்தது. விசாரணையில் பெக்கர் எழுந்து, அந்த அகதிக்கு எண் சரியாகத் தெரியாது, குளிருக்குக் குடித்தும் இருந்தான் என்றார். எண்பத்தேழாம் பலகைக்காரன் தலையாட்டினான். உள்ளூர்ப் பத்திரிகை அதை அப்படியே போட்டது. நில அளவை அலுவலகம் ஒன்றில் சித்திரையிலிருந்து உதவியாளர் வேலை தருவதாக வாயால் சொல்லியிருந்தார்கள். பங்குனியில் ஒரு கடிதம் வந்தது, இடம் இல்லையென்று. குணசேகரம் அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். வாயில் ஒரு சொட்டு மது வைத்திராத மனிதர். "நான் குடிக்கிறேல்லை எண்டாவது அவங்களுக்கு எழுது" என்று ஒரே ஒருதரம் சொன்னார். சிவகௌரி தன் அரைகுறை ஜேர்மனில் எழுதினாள். பத்திரிகை போடவில்லை. 2011இல் கணையத்தில் புற்றுநோய் வந்து அவர் செத்துப்போனார். கடைசி மாதம் முழுக்க அவள்தான் பார்த்தாள்.

ஆறாவது கிழமை அவள் பெக்கருக்குக் கால் நகம் வெட்டத் தொடங்கினாள். தடித்த, மஞ்சள் நகங்கள். வெந்நீரில் ஊறவைத்து, பத்து விரலையும் ஒழுங்காக வெட்டி, ஓரம் ராவ அரை மணித்தியாலம் பிடிக்கும். காலுறைக்கு முன்னால் கதைக்கு அரை மணித்தியாலம் கிடைத்தது.

நாலாவது விரலில் அவர் சிரிக்கத் தொடங்கினார்.

"எங்களிடம் ஒரு கஸ்டவ் இருந்தான். உங்கள் நிறம்தான். அவனை எண்பத்து மூன்றில் நிறுத்தியிருந்தோம், தந்திக்கம்பம் மாதிரி நின்றான். டேட்லெஃப் அவனுக்கு நேரேதான் இறங்கினான். எண்பத்து மூன்றரை. நானே பார்த்தேன்! நான் எண்பத்தேழு என்று கொடுத்தேன்." வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்த முட்டாள் கையை இறக்கவே மாட்டேன் என்கிறான். குடிகாரன் என்று சொல்லித்தான் முடித்தோம்."

"காலை ஆட்டாதீர்கள்" என்றாள் சிவகௌரி. "வெட்டிவிடும்."

அவளுடைய கையில் கத்தரி இருந்தது. மிச்ச ஆறு விரலையும் வெட்டி, ராவி, களிம்பு பூசி, காலுறை போட்டாள். பிறகு குசினிக்குப் போய், நோயாளியின் வீட்டிலேயே இருக்கும் பராமரிப்புக் கோப்பைத் திறந்து, திகதி, நேரம் போட்டு எழுதினாள். நோயாளி சொன்னதை எழுதினால் அவருடைய சொல்லிலேயே, மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும் என்பது விதி. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. கீழே: "மனநிலை மகிழ்ச்சி. நகம் வெட்டப்பட்டது. காயம் இல்லை." கையொப்பம் வைத்தாள்.

சனிக்கிழமை அந்த வீட்டுக்கு ஜசிந்தாவின் முறை. எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"அன்ரி, இது பராமரிப்புக் கோப்போ, சத்தியக் கடதாசியோ?"

"நோயாளி சொன்னதை எழுதினன்."

"கஸ்டவ் ஆரெண்டு எனக்குத் தெரியும். அப்பா சொல்லியிருக்கிறார். அது குணசேகரம் மாமா."

"ஓம்."

"இதைப் போய் எழுதி வைச்சிருக்கிறியள். இது பழிவாங்கல், அன்ரி."

"ஓம். அதுக்கென்ன?"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"வேலை போயிடும்."

"எனக்குப் பென்ஷன் வருது. அந்தாளின்ர முதுகைப் பாத்தனியே? ஒரு சிவப்புப் புள்ளி இருந்ததோ?"

"இல்லை."

"நகம்?"

"என்ர நகத்தைவிட வடிவாயிருக்கு."

"பிறகென்ன குறை?"

"பகையாளிக்குப் பவுடர் போட்டு விடுறியள். அதுதான் எனக்குப் பயமாயிருக்கு."

"பயப்படாத. போய் அவருக்குக் காலமைக் குளிசையைக் குடு. வெறுவயித்தில குடுக்காத."

ஞாயிறுதோறும் டேட்லெஃப் வந்து கோப்பை வாசித்துக் கையொப்பம் வைப்பது வழக்கம். திங்கள் காலை சிவகௌரி கதவைத் திறந்தபோது அவர் குசினியில் இருந்தார். ஐம்பத்து நாலு வயது, தலை நரைத்து, தோள் மட்டும் இன்னும் பாய்கிறவனின் தோளாக இருந்தது. மேசையில் கோப்பு திறந்து கிடந்தது.

"இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்" என்றார்.

"கிழிக்க முடியாது. பக்கங்களுக்கு இலக்கம் இருக்கிறது."

"அப்படியானால் மை பூசுங்கள்."

"அதுவும் முடியாது. பிழையாக எழுதினால் குறுக்கே ஒரே ஒரு கோடு. கீழே இருப்பது வாசிக்கக்கூடியதாய் இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானது, திருத்தியவரின் பெயர். அதுதான் முறை." அவள் மேலங்கியை மாட்டினாள். "இதில் பிழை இருக்கிறதா, ஹெர் பெக்கர்? இருந்தால் சொல்லுங்கள், இப்போதே கோடு போடுகிறேன்."

டேட்லெஃப் அந்தப் பக்கத்தை மறுபடி வாசித்தார். உள்ளறையிலிருந்து கிழவர், "யார் அங்கே, எனக்குக் கோப்பி எங்கே?" என்று கத்தினார்.

"நீங்கள் யார்?" என்று கேட்டார் மகன், தணிந்த குரலில்.

"கஸ்டவின் மனைவி. அவருடைய பெயர் சின்னத்துரை குணசேகரம். நில அளவையாளர். குடிக்காதவர்."

அவர் கதிரையில் பின்னால் சாய்ந்தார். "எனக்குக் காற்றிலேயே தெரியும்" என்றார். "அது எண்பத்தேழு இல்லை. அந்த எண்ணைத் தாண்டு என்று ஒவ்வொரு ஞாயிறும் அப்பா என்னைக் கோபுரத்தில் ஏற்றினார். அதற்குப் பிறகு எண்பதையே நான் தொடவில்லை. அடுத்த குளிர்காலம் சறுக்குப் பலகையை ஆற்றில் எறிந்தேன். நீங்கள் மட்டும்தான் அவரை வெறுக்கிறீர்கள் என்று நினைக்காதீர்கள்."

"உங்களுக்கும் அவருக்கும் உள்ளது உங்கள் வீட்டு விஷயம்" என்றாள் சிவகௌரி. "நீங்கள் ஒரு வாய் திறந்து சொல்லியிருந்தால் என் மனிசன் கோப்பை கழுவியிருக்க மாட்டார். பத்தொன்பது வயது சின்ன வயதல்ல. முப்பது வயதிலும் சொல்லியிருக்கலாம். நாற்பதிலும்."

அவருடைய முகம் சிவந்தது. "நூறாண்டு விழாவுக்கு வரலாற்றுப் பலகை ஒன்று எழுதுகிறோம். அதில் சாதனையைப் போடாமல் விட்டுவிடுகிறேன். சத்தமில்லாமல் போய்விடும். அது போதும்தானே?"

"போதாது."

"நீங்கள் வெளியில் ஒன்றும் சொல்ல முடியாது. சட்டம் இருக்கிறது."

"இருக்கிறது. நான் சொல்லவே மாட்டேன். நோயாளியின் சொல் இந்த வீட்டை விட்டு என்னால் போகாது. நீங்கள்தான் சொல்லப் போகிறீர்கள்." அவள் கோப்பை மூடி அவர் பக்கம் தள்ளினாள். "விட்டுவிட்டால் ஊர் மறந்துவிடும். அது உங்களுக்கு நல்லது. எண்பத்தேழு உங்கள் வரலாற்றுப் பலகையில் இருக்கட்டும். அதற்குக் குறுக்கே ஒரு கோடு. கீழே எண்பத்து மூன்றரை. பக்கத்தில் அளந்தவரின் பெயர், முழுப்பெயர்."

"ஊர் முன்னால் என் அப்பாவைப் பொய்யன் என்று எழுதச் சொல்கிறீர்கள்."

"ஓம்" என்றாள், தன்னையறியாமல் தமிழில். பிறகு ஜேர்மனில்: "ஆம். அவர் உயிரோடு இருக்கும்போது. கண் தெரியும்போது. செத்த பிறகு எழுதினால் எனக்கு வேண்டாம்."

அத்தோடு உள்ளே போய்க் கிழவரின் முகத்தைத் துடைத்தாள். கிழவர் 1925இல் தொடங்கினார்.

அதன் பிறகு டேட்லெஃப் அவளுடன் பேசவில்லை. ஞாயிறுகளில் கையொப்பம் மட்டும் இருந்தது. ஒருதரம் சொல்லாமல் வந்து, அவள் வேலை செய்வதைக் கதவோரம் நின்று பார்த்தார். ஏதாவது குறை பிடிக்கலாம் என்று நினைத்திருப்பார். தகப்பனுடைய குதிகாலைத் தூக்கிப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஆடி மாதத்தில் கிழவருக்குச் சளிச்சுரம் வந்தபோது சிவகௌரி ஒரு நாளைக்கு இரண்டு தரம் வந்தாள், முறையில்லாத நாளிலும் வந்தாள்.

"சாக விட மாட்டியள் போல" என்றாள் ஜசிந்தா.

"ஆகஸ்ட் பதினேழுக்கு முதல் விடமாட்டன்."

பதினேழாம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். கிழவருக்கு விழாவுக்குப் போக வேண்டும். கூட ஒரு தாதி போக வேண்டும். ஞாயிறு என்றபடியால் ஒருவரும் முன்வரவில்லை, சிவகௌரியைத் தவிர. அவருக்கு வெள்ளைச் சேர்ட்டும் கழகத்தின் பச்சை மேலங்கியும் போட்டு, சவரம் செய்து, சக்கர நாற்காலியில் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனாள். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அந்தச் சரிவின் அடியில் நின்றாள். பனி இல்லை. இப்போதெல்லாம் குளிர்காலத்திலும் பனி வருவது குறைவு. சரிவில் பச்சை நிறப் பிளாஸ்ரிக் நார்ப்பாய் போட்டுத் தண்ணீர் அடித்துவிட, பிள்ளைகள் சின்ன மேடையிலிருந்து பாய்ந்து பழகுகிறார்கள். சரிவின் ஓரத்தில் ஒருவரும் நிற்கவில்லை. கமரா நின்றது.

பலகையைத் துணியால் மூடியிருந்தார்கள். சிவகௌரி நாற்காலியைக் கொண்டுபோய் முதல் வரிசையில், பலகைக்கு நேர் எதிரே நிறுத்தி, இரண்டு பிரேக்கையும் போட்டாள்.

டேட்லெஃப் ஒலிவாங்கியின் முன்னால் வந்து மேடையின் வரலாற்றை வாசித்தார். மாடு இழுத்த தடி, விறகாய்ப் போன கோபுரம், குவாரிக் கல். கிழவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு டேட்லெஃப் கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"1990ஆம் ஆண்டு நான் எண்பத்தேழு மீட்டர் பாயவில்லை" என்றார். "எண்பத்து மூன்றரைதான் பாய்ந்தேன். எனக்கு அப்போதே தெரியும். கழகத்துக்கும் தெரியும். அளந்தவர் சரியாக அளந்தார். அவர் குடித்திருக்கவில்லை. அவரைப் பற்றிச் சொன்னது பொய்."

துணியை இழுத்தார். கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. 87 என்ற எண்ணுக்குக் குறுக்கே ஒரே ஒரு கோடு. எண் நன்றாகத் தெரிந்தது. கீழே 83,5. அதன் பக்கத்தில்: அளந்தவர், சின்னத்துரை குணசேகரம், நில அளவையாளர்.

சனம் கைதட்டவுமில்லை, கத்தவுமில்லை. பின்வரிசையில் யாரோ ஒரு கிழவர் எழுந்து வெளியே போனார். எண்பத்தேழாம் பலகையில் நின்றவராக இருக்கலாம், சிவகௌரி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பெக்கரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பலகையை இரண்டு தரம் வாசித்தார். "யார் இவனுக்குச் சொன்னது?" என்றார்.

"நீங்கள்தான்" என்றாள் சிவகௌரி. "நான் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்."

"அந்தக் கஸ்டவ்..."

"செத்துவிட்டார். நான் அவருடைய மனைவி."

அவர் கழுத்தைத் திருப்பி அவளை மேலும் கீழும் பார்த்தார், அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல். மன்னிப்புக் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, அவர் கேட்கவுமில்லை.

"எல்லா மேடையிலும் அப்படித்தான் செய்தார்கள்" என்றார். பிறகு, "என்னைத் திருப்பு. அந்தப் பக்கம் திருப்பிவிடு."

"அந்தப் பக்கம் வெயில் கண்ணில் படும், ஹெர் பெக்கர். இந்தப் பக்கம்தான் உங்களுக்கு நல்லது."

"திருப்பு என்கிறேன்!"

அவள் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, யாரோ கொண்டுவந்து தந்த கேக்கை மடியில் வைத்து, முள்ளுக்கரண்டியால் வெட்டினாள். மேலே ஒரு சிறுமி பாய்ந்து, நார்ப்பாயில் வழுக்கி இறங்கி, எழுந்து கைகாட்டினாள். ஒலிபெருக்கி அவளுடைய தூரத்தைச் சொன்னது. கேக் நன்றாக இருந்தது. சீனி கொஞ்சம் கூட.

நாற்காலியில் இருக்கும் நோயாளியை நெடுநேரம் ஒரே இருப்பில் விட்டால் தோல் சிவந்து புண்ணாகும். அரை மணித்தியாலம் ஆனதும் சிவகௌரி தட்டைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, எழுந்தாள். பெக்கரின் அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கி, இடுப்பின் பாரத்தை மாற்றி, மேலங்கியின் சுருக்கத்தை இழுத்துவிட்டு, மெதுவாக இருத்தினாள். பிரேக்கை ஒருதரம் சரிபார்த்தாள். பலகையைப் பார்த்தபடியே அவரை விட்டாள்.